பின்னால் இஞ்சின், முன்னால் பெரியப்பா

2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்கு மூட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் காயலான் கடையில் போட்டேன். எல்லாம் பழைய சாமான். 11 கிலோ இருந்தது. கிலோ 28 ரூபாய் வீதம் 308 ரூபாய். கடைக்காரர் எண்ணிக் கொடுத்துவிட்டு, "பித்தளை கலந்திருக்கு சார், தனியா பிரிச்சுக் கொண்டாந்திருந்தா இன்னும் நல்ல ரேட்டு போட்டிருப்பேன்" என்று வேறு சொன்னார். நல்ல மனுஷர். அந்தக் காசில் வீட்டுக்கு மிக்ஸரும் மைசூர்பாகும் வாங்கிப் போனேன்.

அந்த மூட்டையைப் பற்றித்தான் இந்த வாரம். உங்களிடம் சொன்னாலாவது கொஞ்சம் ஆறுகிறதா பார்க்கிறேன்.

முதலில் காரைச் சொல்லிவிட வேண்டும். 1961 மாடல் வோல்க்ஸ்வேகன் பீட்டில். எங்கள் சைதாப்பேட்டை தெருவில் அதற்கு 'ஆமை வண்டி' என்று பெயர். மற்ற கார்களில் எது எங்கே இருக்குமோ, அது இதில் அங்கே இருக்காது. டிக்கி முன்னால், இஞ்சின் பின்னால். ஸ்டீயரிங் இடது பக்கம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. அது அடுத்த மாடலில்தான் வந்தது. வண்டி திக்க ஆரம்பித்தால் காலடியில் இருக்கும் ஒரு திருகை உதைத்துத் திருப்ப வேண்டும், ரிசர்வில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். ரேடியேட்டரும் கிடையாது. காற்றிலேயே ஆறுகிற இஞ்சின். மெட்ராஸ் தண்ணிப் பஞ்சத்தில் எங்கள் வீட்டில் தண்ணீரே கேட்காத ஒரே ஜீவன் அதுதான் என்பார் பெரியப்பா.

பெரியப்பா சைதாப்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். 14 மெஷின். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் தடதடப்பு ராத்திரி எட்டரைக்குத்தான் ஓயும். மிச்ச நேரத்தில் ஆபீஸ்களுக்குப் போய் டைப்ரைட்டர் ரிப்பேர் செய்து கொடுப்பார். அந்தத் தெருவே அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு நம் ஐ.ஐ.டி. ஆரம்பித்தபோது, அங்கிருந்து பாடம் நடத்த வந்தவர்களில் ஒருவர் கொண்டு வந்த கார் இது என்பது எங்கள் குடும்பத்தில் வழங்கும் வரலாறு. அவர் ஊருக்குத் திரும்பும்போது மயிலாப்பூர் டாக்டர் ஒருவரிடம் விற்றார். டாக்டர், ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் நொந்துபோய், 1974-ல் பெரியப்பாவின் தலையில் கட்டினார். விலை 4,500 ரூபாய். பெரியம்மாவின் இரண்டு வளையல் அதில் அடக்கம் என்பதைப் பெரியம்மா இன்று வரை மறக்கவில்லை.

ஸ்டீயரிங் இடது பக்கம் என்றேன் அல்லவா? நம் ஊரில் அப்படி ஒரு காரை ஓட்டிப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். முன்னால் ஒரு பஸ் போகிறது என்று வையுங்கள். அதைத் தாண்ட வேண்டுமானால் எதிரில் என்ன வருகிறது என்று தெரிய வேண்டும். டிரைவர் பிளாட்பாரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரியும். இந்த மாதிரி வண்டிகளில் சைகை காட்டும் கருவி வைத்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கருவி இருந்தது. ஆனால் எதிரே பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? அந்த ஆள் நான்தான். வலது பக்க முன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, "வரலாம் பெரியப்பா" என்றோ, "வேணாம், லாரி" என்றோ சொல்ல வேண்டும். அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயது. ஒரு பெரிய மனுஷர், என் வார்த்தையை நம்பி, காரை எதிர் வண்டிகளின் பக்கம் திருப்புவார். ஒரு தடவைகூட "நல்லாப் பாத்தியாடா?" என்று திருப்பிக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு என்னை நம்பியவர்கள் யாரும் இல்லை. என் பத்திரிகை ஆசிரியர் உட்பட.

இனி சாமான்கள்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வரவழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. லைசென்ஸ், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி ஒரு சின்ன ரப்பர் வளையம் வந்து சேருவதற்குள் கார் துருப்பிடித்துவிடும். எனவே எது உடைந்தாலும் பெரியப்பா உள்ளூரிலேயே ஏதாவது ஒன்றைப் பிடித்து மாட்டிவிடுவார். டயர் அம்பாசடருடையது, இரண்டு வண்டிக்கும் 15 இஞ்ச் ரிம்தான், அம்பாசடர் டயர் கொஞ்சம் தடி, அவ்வளவுதான். வண்டி ஆறு வோல்ட் என்பதால் ஹாரன் புல்லட் மோட்டார் சைக்கிளில் இருந்து வந்தது. பின்விளக்குக் கண்ணாடி லாம்பரட்டா ஸ்கூட்டருடையது. பக்கவாட்டுக் கண்ணாடி நம்ம மெட்ராஸ் தயாரிப்பான ஸ்டாண்டர்ட் ஹெரால்டினுடையது. ஆக்ஸிலரேட்டர் கம்பி ஆட்டோ கடையில் வாங்கியது. ஆட்டோவுக்கும் இஞ்சின் பின்னால்தானே, கம்பி நீளமாகத்தான் இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கார்புரேட்டர் பியட் காருடையது.

சின்ன வயதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. காலேஜ் போன பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு சாமான் மட்டும் தனிக்கதை. பீட்டிலில் பாட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டுக்குள் இரும்பு ஸ்பிரிங், அதன் மேல் நார்த் திணிப்பு. கனமான ஆள் உட்கார்ந்து ஸ்பிரிங் கீழே அமுங்கி பாட்டரி முனையைத் தொட்டால் என்ன ஆகும்? 1991-ல் ஒரு கல்யாணத்துக்காக வடபழனி போகும்போது ஆயிற்று. உட்கார்ந்திருந்தவர் பெரியம்மாவின் அண்ணன், கும்பகோணத்து மாமா. நூறு கிலோவுக்கு மேல். அசோக் நகர் தாண்டும்போது, "என்ன மாப்ளே, ஏதோ தீயற வாசனை?" என்றார். தீய்ந்தது அவர் வேட்டிதான். நல்லவேளை, வேட்டியோடு போயிற்று. மறுநாள் பெரியப்பா இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டருக்கு அடியில் போடும் தடித்த ஃபெல்ட் மேட் ஒன்றை எடுத்து, அளவாக வெட்டி, பாட்டரி மேல் போட்டு ரப்பரால் கட்டினார். அப்புறம் ஒரு பொட்டுப் புகை வரவில்லை. ஆனால் மாமா ஆயுசுக்கும் அந்தக் காரில் ஏறவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது, டைப்ரைட்டிங் போனது. 2005-ல் இன்ஸ்டிடியூட்டை மூடினார். 14 மெஷினில் 12-ஐ விற்றுவிட்டு, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, ஒன்றை எனக்குக் கொடுத்தார். கார் மட்டும் வாரம் ஒருமுறை வெளியே வரும், அப்புறம் மாதம் ஒருமுறை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு சைதாப்பேட்டைக்குள் வந்ததே, அப்போது ஷெட்டுக்குள்ளும் வந்தது. பீட்டில் தண்ணீரில் மிதக்கும் என்று உலகமெல்லாம் பெயர். அடித்தகடு ஒரே மூடியாக இருப்பதால் கொஞ்ச நேரம் மிதக்கவும் செய்யும். எங்கள் கார் மிதக்கவில்லை. அடித்தகட்டில் ஓட்டை. ஜன்னல் வரைக்கும் தண்ணீர். 2018-ல் பெரியப்பா காலமானார். ஷெட் பூட்டியே கிடந்தது. 2022-ல் கோயம்புத்தூர் அக்கா, அதாவது பெரியப்பா மகள், போன் செய்தாள். "வீட்டை ரிப்பேர் பண்ணப் போறோம்டா. காரை நீ எடுத்துக்கறியா, இல்ல போட்டுடட்டுமா?"

நான் பி.காம். காருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், கணக்குப் பதிவியலில் படித்த தேய்மானம் என்ற அத்தியாயத்தோடு முடிந்தது. வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சொத்தின் பெயர் மறந்துவிடாமல் இருக்க ஒரு ரூபாய் என்று புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அந்த ஒரு ரூபாய் சொத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

புதுப்பேட்டையில் விசாரித்துக்கொண்டு போனால், பீட்டிலில் கை வைத்த ஆட்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவர் ஒரு பாய். எழுபது தாண்டியவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். காரின் பெயரைச் சொன்னதும், "சைதாப்பேட்டை மாஸ்டர் வண்டியா?" என்று எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். பெரியப்பாவுக்கு அவர் முப்பது வருஷப் பழக்கம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பீட்டில் இஞ்சினை இறக்குவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். நாலு நட்டு. அதோடு சில குழாய், ஒயர், கம்பி. பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கி மேல் இஞ்சினை உட்கார வைத்துப் பின்னால் இழுத்தால் குழந்தை பிறந்த மாதிரி வந்துவிடுகிறது. ஏழு வருஷம் தண்ணீரில் நனைந்து கிடந்த இஞ்சின், உள்ளே துரு ஏறி இறுகியிருக்கும் என்றுதான் பாய் நினைத்தார். பிளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவர், விரலை விட்டு எதையோ தொட்டு முகர்ந்தார்.

"தம்பி, இது விளக்கெண்ணெய்!"

உள்ளே பிசின் மாதிரி உறைந்திருந்தது. ஆனால் துரு இல்லை. மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி மூன்று நாள் ஊற வைத்தார்கள். நாலாம் நாள் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பியபோது, ஒரு முனகலோடு சுற்றியது. யார் ஊற்றினார்கள், எப்போது ஊற்றினார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. 'ஒரிஜினல்' பைத்தியம்.

2021-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று விதி கொண்டு வந்தது. 50 வயதைத் தாண்டிய வண்டியைத் தனி வரிசையில் பதிவு செய்துகொள்ளலாம். சேஸிஸ், பாடி, இஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் காரில் அந்த மூன்றும் அப்படியேதான் இருந்தன. விதி கேட்டது அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. பழைய கார் சேகரிக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, லாம்பரட்டா கண்ணாடியைத் தட்டி, "என்ன சார் இது, பரோட்டாவுக்கு சாம்பார் மாதிரி!" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பழைய காலேஜ் வெட்கம் திரும்பி வந்துவிட்டது.

இப்போது காலம் மாறிவிட்டது பாருங்கள். பெரியப்பாவுக்கு ஏழு கடல் தாண்டி இருந்த சாமான், எனக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டே கிடைத்தது. உலகத்தில் இரண்டு கோடியே 15 லட்சம் பீட்டில் செய்திருக்கிறார்கள். 2003 ஜூலையில்தான் மெக்ஸிகோவில் கடைசி வண்டி இறங்கியது. அதனால் இன்னமும் அச்சு அசலாகச் சாமான்கள் செய்து விற்கிறார்கள். பணம்தான் பிரச்னை. கார்புரேட்டர் சுங்க வரியோடு சேர்த்து 19,000. விளக்கு, ஹாரன், கண்ணாடி, கம்பி என்று ஒவ்வொரு பார்சலாக வர, மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைப்பாள். ஒன்றைப் போட்டதும் பழையதைச் சாக்கில் போடுவேன்.

பாய் ஒரே ஒரு தடவை சொன்னார். பியட் கார்புரேட்டரைக் கழற்றியபோது அதற்கு அடியில் தடியாக ஒரு பழுப்புத் தட்டு இருந்தது. அரத்தால் ராவி ராவி உருவாக்கியது. "தம்பி, இதை எதுக்குன்னு தெரியாம தூக்கிப் போடாதீங்க. மாஸ்டர் சும்மா வெக்க மாட்டாரு."

"புதுசுக்கு அது தேவையில்லை பாய். படத்துல இல்ல பாருங்க" என்று செல்போனைக் காட்டினேன்.

அவர் செல்போனைப் பார்க்கவில்லை. தட்டைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மே மாதம் வெள்ளோட்டம். சும்மா சொல்லக் கூடாது, கார் ஜம்மென்று இருந்தது. வெளிர் நீலத்தில் பெயின்ட், பளபளக்கும் பம்பர், எல்லாம் 'ஒரிஜினல்'. காலை ஏழு மணிக்குப் பல்லாவரம் வரை போனேன். திரும்பி வரும்போது பத்தரை. கிண்டியில் சிக்னல். இரண்டு நிமிஷம் நின்றிருப்பேன். வண்டி இருமியது, உதறியது, நின்றது. ஸ்டார்ட்டரைத் திருகினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் இருந்த பஸ் டிரைவர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார். இரண்டு பையன்களும் ஒரு டிராபிக் கான்ஸ்டபிளும் தள்ளி ஓரம் கட்டினார்கள். இஞ்சினைத் திறந்து பார்த்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதிக்கும் சத்தம் கேட்டது. கொதிக்கிறது என்றால் நிஜமாகவே கொதிக்கிறது, உலை மாதிரி. பீட்டிலின் கார்புரேட்டர் இஞ்சின் தலை மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓடும்போது விசிறி காற்றை அடிக்கிறது. நின்றுவிட்டால் கீழே இருந்து சூடு ஏறுகிறது. பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இஞ்சினுக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது? முக்கால் மணி நேரம் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதே வாரத்தில் சைதாப்பேட்டை கோர்ட் பக்கத்தில் மறுபடி. அடுத்த வாரம் நந்தனத்தில்.

நடுவில் ஒரு நாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, பெரியம்மாவைக் கூட்டிப் போகலாம் என்று வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். பெரியம்மாவுக்கு 82 வயது. மெதுவாகப் படி இறங்கி வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறச் சொன்னேன். ஏறப் போனவள் நின்றுவிட்டாள்.

"சீட்டுக்கு அடியில மேட் போட்டிருக்கியா?"

"எந்த மேட் பெரியம்மா?"

"டைப்ரைட்டர் மேட்."

புதுசாகப் பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போட்டிருக்கிறேன், ஒரிஜினல் மாதிரியே, என்றேன். "பழசை என்ன பண்ணே?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "இன்னிக்கு வேண்டாம்ப்பா, முட்டி வலிக்குது" என்று உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அலமாரியில் இருந்து ஒரு நீள லெட்ஜரை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "இதைப் பாத்துட்டு ஆரம்பிச்சிருக்கலாம். நீ கேக்கவே இல்லையே."

கேட்கவே இல்லைதான்.

முழுக்க டைப் அடித்த தாள்கள். தமிழ் டைப்ரைட்டரில், ஒரு எழுத்துப் பிசகாமல், தேதி வாரியாக. 1979-ல் ஆக்ஸிலரேட்டர் கம்பி அறுந்த கதை அதில் இருக்கிறது. குழந்தைக்கு ஜுரம். அந்தக் குழந்தைதான் கோயம்புத்தூர் அக்கா. எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கம்பி போய்விட்டது. பின்னால் போய் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி இஞ்சின் வேகத்தை ஏற்றி வைத்துவிட்டு, கிளட்சை மட்டும் வைத்துச் சமாளித்து, முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். 'மறுநாள் ஆட்டோ கம்பி. ரூ. 6. குழந்தை நலம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். புல்லட் ஹாரன் வந்த நாளுக்கு எதிரே, 'சத்தம் நன்று. நாய்கள் ஒதுங்குகின்றன' என்று இருந்தது. 1983 மே மாதத்தில் இப்படி: 'பியட் கார்புரேட்டர். அடியில் ஹைலம் தட்டு 12 மி.மீ. வெயிலுக்கு. இனி கிண்டியில் நிற்காது.'

அந்தத் தட்டின் படத்தைப் பென்சிலால் அதே அளவில் வரைந்து வைத்திருந்தார், துளைகளோடு. ஹைலம் சூட்டைக் கடத்தாது. இஞ்சினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் நடுவில் உட்கார்ந்து தடுப்பதுதான் அதன் வேலை. ஜெர்மனிக் குளிரில் பிறந்த வண்டிக்குக் கத்திரி வெயில் எங்கே தெரியும்? அதனால்தான் நான் பார்த்த படத்தில் அது இல்லை.

கடைசிப் பக்கம் மட்டும் கையெழுத்து. வெள்ளத்தில் டைப்ரைட்டரும் மூழ்கிவிட்டது. எழுத்து நடுங்கியிருந்தது. '3.12.2015. பிளக் நான்கையும் கழற்றினேன். இஞ்சின் ஆயில் கிடைக்கவில்லை. கடை இல்லை. வீட்டில் இருந்த விளக்கெண்ணெயை நான்கு சிலிண்டரிலும் ஊற்றினேன். பின்னால் வருபவருக்கு உதவும்.' வீடெல்லாம் முழங்கால் சேறு, கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. 77 வயசு. "அரிசியை எடுத்து மேல வைங்கன்னு நான் கத்திட்டிருக்கேன், மனுஷன் விளக்கெண்ணெய் பாட்டிலைத் தூக்கிட்டு ஷெட்டுக்குப் போறாரு" என்றாள் பெரியம்மா.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் காரின் பூர்வீகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஹிட்லர் காலத்தில் இதை ஒரு சேமிப்புத் திட்டமாகத்தான் ஆரம்பித்தார்கள். வாரம் 5 மார்க் கட்டி ஸ்டாம்ப் வாங்கி ஒட்ட வேண்டும். 990 மார்க் சேர்ந்தால் கார். சுமார் 3,36,000 பேர் கட்டினார்கள். ஒருத்தருக்குக்கூடக் கார் வரவில்லை, யுத்தம் வந்தது. நம்ம ஊர் சீட்டுக் கம்பெனிகளை மட்டும் திட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். கோர்ட், கேஸ் என்று அலைந்து, 1961-ல்தான் புதுக் கார் விலையில் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லாவிட்டால் கையில் 100 மார்க் என்று சமாதானம் ஆனது.

யுத்தம் முடிந்ததும் இடிந்து கிடந்த அந்தத் தொழிற்சாலைக்கு பிரிட்டிஷ் ராணுவம் ஐவன் ஹர்ஸ்ட் என்ற மேஜரை அனுப்பியது. 1945 ஆகஸ்ட். மேஜருக்கு வந்த ஆர்டர் 20,000 கார். கையில் சாமான் இல்லை. ராணுவ ஜீப் மாதிரியான வண்டியின் சேஸிஸ் மேல் பீட்டில் பாடியைத் தூக்கி வைத்தார்கள். அந்தக் கார்கள் கால் உயர்ந்து நின்றன. கார்புரேட்டர் வருவது நின்று போனதும், ஹர்ஸ்ட் ஒன்றைக் கழற்றிப் போட்டு, அதன் நுணுக்கமான உள்பாகங்களைப் பிரவுன்ஷ்வைக் நகரில் இருந்த ஃபோக்ட்லெண்டர் கம்பெனியில் செய்து வாங்கினார். அது கேமரா கம்பெனி! ஒரிஜினல் ஒரிஜினல் என்று நான் தலைகீழாக நின்றேனே, அந்தத் தொழிற்சாலையே கேமராக்காரர்களிடம் கார்புரேட்டர் உறுப்பு வாங்கித்தான் பிழைத்திருக்கிறது. சைதாப்பேட்டை டைப்ரைட்டர்காரரை அந்த மேஜர் பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பார்.

மறுநாள் காலை காயலான் கடைக்கு ஓடினேன். இரண்டு மாசம் ஆகிவிட்டிருந்தது. "இரும்பெல்லாம் அந்த வாரமே கும்மிடிப்பூண்டி லோடுல போயிருக்கும் சார். உருக்கியும் இருப்பாங்க." ஃபெல்ட் மேட்? "துணியா? அதெல்லாம் எடையிலயே கழிச்சிடுவோமே." பழுப்பாக ஒரு தட்டு? உதட்டைப் பிதுக்கினார். குவியலில் ஒரு மணி நேரம் நானே கிளறிப் பார்த்தேன். கையெல்லாம் கறுத்ததுதான் மிச்சம். நிமிர்ந்தால், எதிரே சுவரில் ஹெரால்டு கண்ணாடி தொங்கியது. கடைப் பையன் தலை வாரிக்கொள்ள மாட்டி வைத்திருக்கிறான். 150 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். 308 ரூபாய் மூட்டையில் ஒரு கண்ணாடிக்கு 150. பி.காம். படித்தவன் செய்கிற வியாபாரமா இது?

லெட்ஜரைப் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். 'பாய் வந்தார், மூன்றாம் நம்பர் சரி செய்தார்' என்று ஆறேழு இடத்தில் வருகிறது. பீட்டிலில் ஆயிலை ஆற வைக்கும் கூலர், விசிறிக் காற்றை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், மூன்றாம் நம்பர் சிலிண்டர் எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். "மூணாம் நம்பர் கோவக்காரன்" என்பது பாயின் அகராதி. ஒரு இடத்தில், 'பாய் கூலி வாங்க மறுத்தார். அவர் மகனுக்கு லோயர் டைப்பிங் இலவசம்' என்று இருந்தது. அதைப் படித்ததும் லெட்ஜரை மூடி வைத்துவிட்டு, "ஹைலம் ஷீட்டு வாங்கிட்டு வாங்க தம்பி" என்றார். என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

பியட் கார்புரேட்டர் புதுப்பேட்டையிலேயே 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. தட்டை பாய் கையாலேயே வெட்டினார். பென்சில் படத்தின் மேல் ஹைலமை வைத்து, துளை போட்டு, அரத்தால் ராவி. முதல் தட்டில் ஒரு துளை இம்மி விலகிவிட்டது, காற்று இழுத்தது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. இந்தக் காலத்து எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பழைய ரப்பர் குழாய் தாங்காது என்று குழாய்களை மட்டும் புது ரகமாக மாற்றினார். ஹாரன் ஒரு பழைய புல்லட் கடையில் கிடைத்தது, ஆனால் பழைய சத்தம் இல்லை, நாய்கள் ஒதுங்குவதில்லை. ஆட்டோ கம்பி இப்போது போட்டிருக்கிறேன். லாம்பரட்டா கண்ணாடி கிடைக்கவே இல்லை. ஒரு பக்கம் புது விளக்கு, ஒரு பக்கமும் புது விளக்குதான். 19,000 ரூபாய் கார்புரேட்டர் பீரோவில் என் மனைவியின் பட்டுப் புடவைகளுக்குக் கீழே இருக்கிறது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஃபெல்ட் மேட்டுக்கு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா எனக்குக் கொடுத்த டைப்ரைட்டர் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதற்கு அடியில், அவர் கொடுத்தபோது இருந்த அதே பச்சை மேட். டைப்ரைட்டரை வெறும் பலகையில் வைத்துவிட்டு, மேட்டை எடுத்து, அளவாக வெட்டி, பாட்டரி மேல் போட்டேன்.

இந்த ரக வண்டியை தினசரி ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கண்காட்சிக்குப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். எங்களுக்கு அடிக்கடி பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது. ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போடுவதற்காகப் பெரியம்மா வீட்டு வாசலில் நிறுத்தினேன். முதலில் பின் சீட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து மேட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் பின்னால் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு போய் வலது பக்க முன் சீட்டில் உட்கார்ந்தாள். அது என் சீட்டு என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

கிண்டி சிக்னலில் மூன்று நிமிஷம் நின்றோம். வெயில் பொளந்தது. இஞ்சின் பின்னால் தன் பாட்டுக்குத் தடதடவென்று டைப் அடித்துக்கொண்டிருந்தது. பச்சை விழுந்து கொஞ்ச தூரம் போனதும், முன்னால் ஒரு மாநகர பஸ். எனக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள்.

"இரு. தண்ணி லாரி வரான்."

இருந்தேன். லாரி போனது.